மொண்டி மேகமும் படுத்துவிட்ட சர்வரும்

என் கடைச் சுவரில் பல வருடங்களாக ஓர் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. 'கடன் கேட்காதீர்கள்' என்ற அட்டைக்குப் பக்கத்தில், அதைவிடப் பெரிய எழுத்தில், 'அடுத்த அத்தியாயம் எப்போது வரும் என்று கேட்காதீர்கள். எங்களுக்கும் தெரியாது' என்று இருக்கும். ஒரு ஜெராக்ஸ் கடையில் இப்படி ஓர் அறிவிப்பு இந்த மாவட்டத்தில் வேறெங்கும் இருந்திருக்காது. நானே அடித்து, அச்செடுத்து, ஈரம் படாமல் லேமினேஷனும் செய்து மாட்டினேன். பயன்தான் ஒன்றும் இல்லை. வருகிறவர்கள் அதை நிதானமாகப் படித்து முடித்துவிட்டு, "அது சரிங்க, எப்ப வரும்?" என்றுதான் கேட்டார்கள்.

ஜமுனாமரத்தூரில் பஸ் நிற்கும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி என் கடை. கலசப்பாக்கத்துப் பக்கம் நெல் விளைகிற வீட்டில் பிறந்து, கல்யாணமாகி மலைக்கு வந்தவள் நான். வந்த புதிதில் இங்கே பேச ஆளில்லை என்று அழுதேன். கடை வைத்த பிறகு, கொஞ்ச நேரம் பேசாமல் இருக்க விட்டால் போதும் என்றாகிவிட்டது. சாதிச் சான்று, வருமானச் சான்று, முதியோர் உதவித்தொகை என்று மலையில் யாருக்கு என்ன மனு போடவேண்டுமானாலும் என் பெஞ்சில் வந்து உட்கார்ந்துதான் தீரவேண்டும். அந்தப் பெஞ்சில் ஒரு நாள் சிஸ்டர் வந்து உட்கார்ந்தார்.

சிஸ்டர் என்றதும் கன்னியாஸ்திரீ என்று நினைத்துவிடாதீர்கள். அடிவாரத்துக் கிறிஸ்தவக் குடும்பம்தான், ஆனால் அவர் ஆஸ்பத்திரி நர்ஸ். புருஷன், வளர்ந்த பிள்ளைகள் எல்லாம் கீழே. இவர் மட்டும் மலையில் குவார்ட்டர்ஸில் இருந்தார். ஊசி போடும்போது வலிக்காது என்று பொய் சொல்லமாட்டார். "வலிக்கும், கொஞ்ச நேரம்தான்" என்பார். அதனால் பிள்ளைகள்கூட அவரை நம்பின.

அவரைப் போல் படிக்கிற மனுஷியை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. மலைப்பாதையில் பஸ் வளைந்து வளைந்து ஏறும்போது மற்றவர்கள் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு கண்ணை மூடியிருப்பார்கள். இவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, பறக்கும் கம்பளமும் பேசும் மரமும் வருகிற புத்தகங்களாகப் படித்துத் தள்ளுவார். அட்டை கிழிந்த நூலகப் புத்தகம், கடைசிப் பக்கம் இல்லாத பழைய புத்தகம், எதையும் விடுவதில்லை. மழைக்காலத்தில் இங்கே சுவரே வியர்க்கும். புத்தகம் பூஞ்சை பிடித்துவிடும் என்று, தடுப்பூசி கொண்டுபோகும் பழைய ஐஸ் பெட்டி ஒன்று வீணாகக் கிடந்ததைக் கேட்டு வாங்கி, அதற்குள் புத்தகங்களை அடுக்கி மூடி வைத்திருந்தார். தட்டம்மை ஊசி வைத்திருந்த பெட்டியிலிருந்து ராட்சசனை எடுத்துக் கொடுக்கிற நர்ஸ் அவர்.

படித்தது போதாதென்று எழுதியும் வைத்திருந்தார். அவர் கதையில் ஒரு மலை. அங்கே மனிதர்கள் ஆடு மேய்ப்பதுபோல் மேகம் மேய்ப்பார்கள். காலையில் பட்டியைத் திறந்து மேகங்களை ஓட்டிப்போய், சாயங்காலம் எண்ணி அடைப்பார்கள். சாமை என்றொரு பெண். அவளிடம் உருப்படியாக இருப்பது ஒரே ஒரு மொண்டி மேகம். அது மழையும் பெய்யாது, மந்தையோடும் போகாது. பள்ளத்தில் வாழும் அரக்கி ஒருத்தி மேகங்களைத் திருடித் தன் குகையில் அடைத்துவிட, சாமையும் மொண்டியும் தேடிக்கொண்டு புறப்படுகிறார்கள்.

இந்தக் கதையை அவர் பதிப்பகங்களுக்கு அனுப்பிப் பார்த்திருந்தார். சில இடங்களில் பதிலே இல்லை. ஒரு பதிப்பகத்தார் மட்டும் மரியாதையாகப் பேசியிருக்கிறார்கள். மலையில் இத்தனை வருடம் நர்ஸாக இருக்கிறீர்களே, அந்த ஜனங்களின் கஷ்டத்தை எழுதுங்கள், உடனே போடுகிறோம், மேகமெல்லாம் எதற்கு என்றார்களாம். இதை என்னிடம் சொன்னபோது சிஸ்டருக்கு வந்த கோபத்தை நான் மறக்கமாட்டேன். "கஷ்டம் இந்த ஜனங்களுக்குத் தெரியாதா? அதுலயே படுத்து அதுலயே எழுந்திரிக்கிறாங்க. அவங்களுக்கு ஒரு மேகம் குடுத்தா இன்னா தப்பு?" என்றார். எனக்கு மேகத்தின்மேல் நம்பிக்கை இல்லை. ஆனால் அந்தக் கோபம் பிடித்துப்போயிற்று.

சொந்தக் காசில் போடுவதென்று அவர் முடிவு செய்துவிட்டுத்தான் என்னிடம் வந்திருந்தார். கூடவே இன்னொரு முடிவும் வைத்திருந்தார். "இந்த மலையில இது வித்துப் போவலன்னா, இனிமே படிக்கிறதோட நிறுத்திக்கிறேன். எழுதமாட்டேன்" என்று, காய்ச்சல் எவ்வளவு என்று சொல்கிற குரலில் சொன்னார். விளையாட்டுக்குச் சொல்கிறவர் அல்ல அவர். எழுதுவதை நிறுத்தினால் அந்த மனுஷி என்ன ஆவார் என்று அன்றைக்கே எனக்குப் பயமாக இருந்தது.

வேலை தொடங்கியதும் முதல் சங்கடம் வந்தது. டாக்டர்களோடு சேர்ந்து சேர்ந்து சிஸ்டரின் கையெழுத்தும் மருந்துச்சீட்டுக் கையெழுத்தாகிவிட்டிருந்தது. சாமை என்று எழுதியிருப்பதும் சட்னி என்று எழுதியிருப்பதும் என் கண்ணுக்கு ஒன்றுதான். வேறு வழியில்லாமல் டூட்டி முடிந்ததும் அவரே கடைக்கு வந்து படிக்க, நான் கம்ப்யூட்டரில் அடித்தேன். கூட்டம் இருக்கிற கடை. அவருக்கோ வெட்கம். பாவமன்னிப்புக் கேட்பதுபோல் என் காதருகில் குனிந்து கிசுகிசுத்தார். பெஞ்சில் இருந்தவர்கள் ஏதோ பொம்பளைங்க விஷயம் என்று நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

அப்படியே போயிருந்தால் இந்தக் கதை இல்லை. ஒரு நாள், மனு ஏற்றுகிற அரசாங்க சர்வர் படுத்துவிட்டது. மலையில் அது அடிக்கடி படுக்கும். மேகம் இறங்கினால் படுக்கும், காற்றடித்தால் படுக்கும், நல்ல வெயிலில் காரணமே இல்லாமலும் படுக்கும். நெல்லிவாசல் நாட்டுப் பக்கத்து மலைக் கிராமங்களிலிருந்து நடந்தும் ஜீப் பிடித்தும் வந்தவர்களைத் திரும்பிப் போ என்று எப்படிச் சொல்வது? பெஞ்சு நிறைந்து, வாசற்படி நிறைந்து, எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிஸ்டர் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார். அரக்கி குகை வாசலில் மொண்டி மேகத்தின் காதைப் பிடித்துவிட்டாள். அப்போது பின்னால், மகளின் சான்றுக்காகக் காலையிலிருந்து காத்திருந்த ஓர் அம்மா குரல் கொடுத்தார்.

"கொஞ்சம் சத்தமாப் படிங்க சிஸ்டர். இங்க கேக்கல."

சிஸ்டரின் முகத்தை நான் பார்த்தேன். எத்தனை பிரசவம் பார்த்தவர், முதல் பிரசவத்துக்கு வந்த பெண்போல் முழித்தார். தாளை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, பெஞ்சைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, சத்தமாகப் படித்தார். ஒருவர் சந்தேகம் கேட்டார். மேகத்துக்கு ஏது காலு, அது எப்படி நொண்டும் என்று. சிஸ்டர் யோசிக்கவே இல்லை. "அதோட நெழலு நொண்டும். சரிவுல விழுந்து வருது பாருங்க, அந்த நெழலு" என்றார். கேட்டவர் எழுந்துபோய் வாசலில் நின்று மலைச்சரிவைப் பார்த்துவிட்டு வந்து, ஆமாம் என்பதுபோல் தலையை ஆட்டி உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு என் கடை கடையாக இல்லை. சர்வர் இருக்கிறதா என்று கேட்டு வந்தவர்கள் போய், சிஸ்டர் இருக்கிறாரா என்று கேட்டு வர ஆரம்பித்தார்கள். ஒரு பக்க நகல் எடுக்க வந்தவர் அரை மணி நேரம் உட்கார்ந்தார். நான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து மாட்டியதுதான் அந்த அட்டை. கதையும் நல்ல வேகத்தில் போயிற்று. முடிவுக்கு முந்தைய அத்தியாயத்தில், தவித்துக் கிடக்கிற ஊருக்காக மொண்டி மேகம் முதல்முறையாக மழை பெய்கிறது, பெய்து பெய்து கரைந்து ஒன்றுமில்லாமல் போகிறது. அதைப் படித்த அன்று எனக்கே எழுத்து மங்கலாகத் தெரிந்தது. சரியாக அந்த நேரத்தில் பாழாய்ப்போன சர்வர் வந்துவிட்டது. எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு மனுவைக் கொடுத்து வீட்டுக்குப் போனார்கள்.

புத்தகத்தின் அட்டைப் படத்தை நானே செய்தேன். கம்ப்யூட்டரில் கல்யாணப் பத்திரிகைக்கு வைத்திருந்த படங்களிலேயே ஒரு மலை, ஒரு பெண், கீழே நொண்டுகிற நிழல். பதிப்பாளர் பெயர் போடும் இடத்தில் யார் பெயரைப் போடுவது என்று கேட்டேன். தன் பெயரையே போடச் சொன்னார். இரண்டு இடத்திலும் ஒரே பெயர் இருந்தால் நன்றாகவா இருக்கும் என்றேன். "பெத்தவளும் நானே, பிரசவம் பாத்தவளும் நானே. தைரியமாப் போடும்மா" என்றார்.

புத்தகக் கட்டுகள் திருவண்ணாமலை அச்சகத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியது சந்தை நாள் காலையில். சிஸ்டர் டூட்டி என்று சொல்லி ஆஸ்பத்திரிக்குள் போய் ஒளிந்துகொண்டார். கடை வாசலில் மேஜை போட்டு நான் அடுக்கிவைத்தேன். சந்தைக்கு வந்தவர்கள் எல்லாரும் வந்து பார்த்தார்கள். தொட்டார்கள், முகர்ந்தார்கள், நம்ம சிஸ்டரா என்று பூரித்தார்கள், திரும்ப வைத்துவிட்டு மிளகாய் வாங்கப் போனார்கள். நாங்கதான் கேட்டுட்டோமே என்று ஒவ்வொருவரும் சொன்னபோதுதான் எங்கள் தப்பு எனக்குத் தெரிந்தது. வாசகர்களாகக் கிடைத்த அத்தனை பேருக்கும் கதையை இனாமாக ஊற்றிக் கொடுத்துவிட்டு, காலிப் பாத்திரத்தை விற்க உட்கார்ந்திருந்தோம். வெயில் ஏறியது. மேஜையில் ஒரு புத்தகம்கூடக் குறையவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து ஆயாம்மா இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். போய் என்ன சொல்லியிருப்பார் என்று நினைக்கவே எனக்குத் துக்கமாக இருந்தது.

மதியத்துக்கு மேல் அந்த அம்மா வந்தார், சத்தமாகப் படிக்கச் சொன்னவர். ஒரு புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பிரித்து என்னிடம் நீட்டி, மேகம் செத்துப்போனது இதில் இருக்கிறதா என்று கேட்டார். கீழே ஹாஸ்டலில் படிக்கிற மகளிடம் சொன்னாராம். அவள் நம்பவில்லையாம், அப்படி யாராவது கதையை முடிப்பார்களா என்றாளாம். பக்கத்தில் கூடையோடு நின்ற ஒருவர் திரும்பினார். மேகம் எங்கே செத்தது, அதுதான் திரும்பி வந்துவிட்டதே என்றார். இந்த அம்மா அழுத அன்று அவர் கடையிலேயே இல்லை. அதற்கு அடுத்த தடவை வந்து கடைசி அத்தியாயத்தை மட்டும் கேட்டவர். வானத்தைப் பார்த்துச் சாமை கூப்பிடுகிறாள், சரிவில் ஒரு நிழல் நொண்டிக்கொண்டு வருகிறது, அங்கே கதை முடிகிறது.

"நான் கேட்டேங்க. கரைஞ்சி போச்சி" என்றார் அம்மா.

"நானுந்தான் கேட்டேன். நொண்டிக்கினே வந்துச்சி" என்றார் அவர்.

மூன்றாவதாக ஒருவர் சேர்ந்து, அரக்கி என்று யாரும் கதையில் வரவில்லை என்று சாதித்தார். அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. யாருமே முழுக் கதையைக் கேட்கவில்லை. சர்வர் படுத்திருந்த நேரம்வரை கேட்டார்கள், வந்ததும் போய்விட்டார்கள். மனு முடிந்தவருக்கு நடுவில் பாதி தெரியாது, பஸ்ஸைப் பிடிக்க ஓடியவருக்கு முடிவு தெரியாது. ஆரம்பத்திலிருந்து கடைசிவரை அந்த மலையில் கேட்டவள் நான் ஒருத்திதான். எல்லோரும் என் பக்கம் திரும்பி, நீயே சொல்லும்மா என்றார்கள். வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்ட நேரங்கள் குறைவு. அன்றைக்கு மூடிக்கொண்டு, புத்தகக் கட்டைக் காட்டினேன்.

அப்புறம் நடந்ததைப் பார்க்கச் சிஸ்டர் அங்கே இருந்திருக்கவேண்டும். அந்த அம்மா முதல் புத்தகத்தை வாங்கினார். அவரோடு சண்டை போட்டவர் இரண்டாவதை வாங்கினார். படிக்கத் தெரியாதவர்கள் வீட்டில் பிள்ளை படிக்கும் என்று வாங்கினார்கள். மிளகாய்க்கும் கருவாட்டுக்கும் நடுவில், கூடைகளில், மொண்டி மேகம் மலை முழுக்கப் புறப்பட்டுப் போயிற்று. ஆயாம்மா மூன்றாவது தடவை எட்டிப் பார்க்க வந்தவர், பார்த்துவிட்டுத் திரும்பி ஓடினார். சிஸ்டர் வந்து சேர்ந்தபோது மேஜைமேல் கட்டு கட்டியிருந்த சணல் மட்டும் கிடந்தது. அவர் அதைக் கையில் எடுத்துச் சுற்றிச் சுற்றி உருண்டையாக்கிக்கொண்டே, "எனக்குன்னு ஒண்ணு எடுத்து வெக்கலியா நீ?" என்று கேட்டார். எடுத்து வைக்கவில்லை. இருவரும் சிரித்தோம், பிறகு அவர் அழுதார், எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

அந்தப் புத்தகம் பிறகு பல தடவை அச்சானது. கஷ்டத்தை எழுதச் சொன்ன பதிப்பகத்தார்கூட ஒரு நாள் போன் செய்து கேட்டார்கள். இங்கேயே தீர்ந்துபோய்விடுகிறது, உங்களுக்குக் கொடுக்க மிச்சமில்லை என்று சிஸ்டர் நர்ஸ் குரலில் சொல்லி வைத்துவிட்டார். மாற்றலாகிக் கீழே போனார், ரிடையரும் ஆனார். ஆனாலும் என் கடையில் கேள்வி நிற்கவில்லை. சாமை அப்புறம் என்ன ஆனாள் என்று கேட்பார்கள். நான் அட்டையைக் காட்டுவேன்.

போன வாரம் சந்தைக்கு முந்தின நாள், பஸ்ஸிலிருந்து சிஸ்டர் இறங்கினார். முடி முழுக்க நரைத்திருந்தது. கையில் அந்த ஐஸ் பெட்டி. அதற்குள் இந்த முறை புத்தகம் இல்லை, புதுக் கதையின் தாள்கள். கையெழுத்து முன்னைவிட மோசம். வழக்கம்போல் சர்வர் படுத்திருந்தது, பெஞ்சு நிறைந்திருந்தது. வாசற்படியில், ஹாஸ்டலில் படித்து அம்மாவை நம்பாத அந்தப் பெண், இப்போது கல்லூரியில் சேரச் சான்று வாங்க வந்து உட்கார்ந்திருந்தாள். சிஸ்டர் சுவரிலிருந்த அட்டையை நிமிர்ந்து பார்த்துப் படித்தார்.

"இத எடுத்துடும்மா. கேக்கட்டும்" என்றார்.

ஸ்டூல் போட்டு ஏறி அட்டையைக் கழற்றினேன். சிஸ்டர் பெஞ்சைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, யாரும் சொல்லாமலே சத்தமாக ஆரம்பித்தார். சாமைக்கு இப்போது ஒரு மந்தையே இருக்கிறது, அதில் ஒரு மேகம் மட்டும் ராத்திரியில் பட்டியைத் தாண்டிப் போய்விட்டு வருகிறது. எங்கே போகிறது என்று அவள் பின்னாலேயே போகிறாள். முதல் பக்கம் முடிவதற்குள் என் திரையில் பச்சை விளக்கு எரிந்தது. கடைக்காரி ஆயிற்றே, சொல்லாமல் இருக்க முடியுமா? சர்வர் வந்துவிட்டது என்று அறிவித்தேன்.

ஒருவரும் எழுந்திருக்கவில்லை.