லீசி குடித்தவளுக்கு வந்த ஆறு கடிதங்கள்

வடகடலோர மீன்பிடி ஊரான பொலுங்கார்விக்கின் நீச்சல்குளத்தில் சீட்டு கொடுக்கும் ஹெர்டிஸின் மேசையில் எப்போதும் ஒரு பாட்டில் லீசி இருக்கும். காட் மீன் ஈரலிலிருந்து எடுத்த எண்ணெய். பக்கத்தில் சுண்டுவிரல் உயரக் காகிதக் கோப்பைகள். காலை ஆறரைக்கு வருகிறவர்கள் ஒரு வாய் விழுங்கிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். முகம் சுளித்தால் ஹெர்டிஸ் இன்னொன்று ஊற்றுவாள்.

அவளுக்கு வயது அறுபத்தொன்று. ஏழு வயதில் பள்ளியில் லீசி ஊற்றும் வரிசையில் நின்று வாயைத் திறந்ததிலிருந்து ஒரு நாளும் விட்டதில்லை. பிரசவத்துக்குப் போனபோதும் பையில் பாட்டில் இருந்தது.

அக்கா குத்னி வேறு மாதிரி. எண்ணெயை வாயில் அடக்கிக்கொண்டு போய் வகுப்பு ஜன்னலோரப் பூந்தொட்டியில் துப்பிவிடுவாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அவளுக்கு மார்பகப் புற்றுநோய் வந்து, ஒரு பக்கத்தை எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போன ஹெர்டிஸ், பூங்கொத்தை வைத்த கையோடு, "அன்னிக்கே குடின்னு சொன்னேன்ல" என்றாள். குத்னி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

துப்பியவளுக்கு வந்தது, விழுங்கியவளுக்கு வராது. ஹெர்டிஸ் அதோடு முடிவு கட்டிவிட்டாள். மீன் அதிகம் சாப்பிடும் பெண்களுக்கு இந்த நோய் குறைவாகத் தெரிகிறது என்று பத்திரிகையில் வந்த செய்தியை வெட்டிச் சுவரில் ஒட்டினாள். 'உறுதியாகச் சொல்ல இன்னும் ஆய்வுகள் வேண்டும்' என்ற கடைசி வரியைப் பாட்டில் மறைத்தது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மார்பக எக்ஸ்ரேக்கு அழைத்து வரும் கடிதங்களை இழுப்பறையில் போட்டாள். ஆறு சேர்ந்துவிட்டன.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து அவளும் குளிக்கப் போனாள். குளத்தில் இறங்குமுன் உடுப்பெல்லாம் களைந்து சோப்பு போட்டாக வேண்டும். இந்த விதியில் ஹெர்டிஸ் ரொம்பக் கறார். நீச்சலுடையோடு நழுவப் பார்த்த வெளியூர்ப் பெண்களைத் திருப்பி அனுப்பியவள். பக்கத்துக் குழாயில் பள்ளிச் சமையல்காரி சோல்ரூன் நின்றாள். தலைக்கு நுரை தேய்க்க ஹெர்டிஸ் கையைத் தூக்கியதும், சோல்ரூன் பேசிக்கொண்டிருந்ததை நிறுத்தினாள்.

"கையை இறக்கு. இப்ப மறுபடி தூக்கு."

"என்னடி, உடற்பயிற்சி வகுப்பா?"

"இடது பக்கம் குழி விழுது. மாவுல விரல் வெச்ச மாதிரி. போன மாசம் இல்ல."

"கண்ணாடி போடலேன்னா உனக்குக் கப்பலே தெரியாது."

"கப்பலையா நாப்பது வருஷமா பாக்குறேன்? உன்னைத்தான் பாக்குறேன். கடிதம் வந்துச்சா?"

"நான் லீசி குடிக்கிறவ."

"நானுந்தான் குடிக்கிறேன். குடிச்சிட்டு எக்ஸ்ரேக்கும் போறேன். வியாழக்கிழமை என் கார்ல ஏறுற."

வியாழக்கிழமை சோல்ரூனின் கார் மலைச் சுரங்கப்பாதையைத் தாண்டிப் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனது. எக்ஸ்ரேக்குப் பிறகு தலைநகர் ரெய்க்யவிக் போய் ஊசிப் பரிசோதனையும் ஆயிற்று. டாக்டர் ஸ்டெயின்வோர் படத்தைக் காட்டினார்.

"புற்றுநோய்தான். ஆனா பட்டாணி அளவுதான் இருக்கு. பரவல."

"லீசியை ஒரு நாள்கூட விட்டதில்ல டாக்டர். அம்பத்திநாலு வருஷம்."

"மீன் நிறைய சாப்பிடுறவங்களுக்குக் கொஞ்சம் குறையுதுன்னு சில ஆய்வுல வந்திருக்கு. சிலதுல ஒரு வித்தியாசமும் இல்ல. எண்ணெயைத் தனியா குடுத்துப் பார்த்தப்பவும் பெருசா ஒண்ணும் தெரியல. ஒரு ஸ்பூன் குடிங்க, தப்பில்ல. அதை நம்பிப் பரிசோதனையை விடாதீங்க."

"அப்ப துப்புனதால வராதா?"

டாக்டருக்குப் புரியவில்லை. "எண்ணெயைத் துப்புனதாலயா? அப்படி ஒண்ணு கிடையாது. குடும்பத்துல வேற யாருக்காவது வந்திருக்கா?"

"கூடப்பொறந்த அக்காவுக்கு."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "அப்படின்னா ஊர்ல முதல் ஆளா நீங்கதானே வந்திருக்கணும்?"

ஹெர்டிஸ் வெளித் தாழ்வாரத்துக்கு வந்து, அக்குரேரியில் இருக்கும் அக்காவைப் போனில் கூப்பிட்டாள். விஷயத்தைச் சொன்னாள். பிறகு, "அன்னிக்கு ஆஸ்பத்திரியில நான் சொன்னது தப்புக்கா" என்றாள்.



"பன்னெண்டு வருஷமாச்சா இதைச் சொல்ல? சரி, எந்தப் பக்கம்?"

"இடது."

"எனக்கு வலது. ரெண்டு பேரையும் சேர்த்தா ஒரு முழு ஆள் தேறும். ஆபரேஷனுக்கு நான் வர்றேன். அந்தப் பாட்டிலை மட்டும் எடுத்துட்டு வந்துடாத."

கட்டியை மட்டும் எடுத்தார்கள்; கதிர்வீச்சு மூன்று வாரம். ஜூனில் ஹெர்டிஸ் மேசைக்குத் திரும்பினாள். பாட்டிலை ஒரு சாண் தள்ளிவைத்தாள். சுவரில் கடைசி வரி தெரிந்தது.

மறுநாள் காலை, மீன் ஆலையில் வேலை செய்யும் ரக்னா வழக்கம்போலக் கோப்பைக்குக் கை நீட்டினாள். ஹெர்டிஸ் ஊற்றினாள், கொடுக்கவில்லை.

"எக்ஸ்ரே கடிதம் வந்துச்சா?"

"வந்துச்சே."

"எங்க இருக்கு?"

"வீட்டுல, இழுப்பறையில."

ஹெர்டிஸ் கோப்பையைத் தன் பக்கம் இழுத்து, ஒரே மடக்கில் தானே குடித்தாள்.

"போயிட்டு வந்து வாங்கிக்கோ."