மருந்து ஆச்சா?

எங்கள் வீட்டில் மருந்து என்றால் இரண்டு. ஒன்று சளிக்கு. இன்னொன்று துப்பாக்கிக்கு.

ராயகிரிப் பக்கம் மலையடியில் மக்காச்சோளம் போட்டிருந்தோம். பன்றி இறங்கும். விரட்டுவதற்கு அப்பாவிடம் லைசென்ஸ் துப்பாக்கி இருந்தது. தோட்டா போடுகிறது இல்லை. குழல் வாய் வழியாக மருந்து, தேங்காய் நார், ஈய ரவை என்று ஒவ்வொன்றாகப் போட்டுக் கெட்டிக்க வேண்டும்.

அப்பா எதிலும் அவசரக்காரர். சோற்றைக்கூட விழுங்கத்தான் செய்வார். துப்பாக்கி கெட்டிக்கும்போது மட்டும் வேறு ஆள். பீடியைத் தூரப் போய் அணைத்துவிட்டு வருவார். மருந்தைச் சின்ன மூங்கில் குழாயில் தலை தட்டி அளப்பார். போட்டதும் "மருந்து ஆச்சு" என்பார். பக்கத்தில் நிற்கிற அம்மாவும் "ஆச்சு" என்று சொல்ல வேண்டும். அப்புறம்தான் நார். அதற்கும் ஒரு "ஆச்சு". கல்யாணத்தில் ஐயர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்வது மாதிரி இருக்கும். எனக்குச் சிரிப்பு வரும். சிரித்தால் அடி விழும்.

சந்தேகம் வந்தால் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து போட வேண்டும். அது அப்பாவே வைத்த சட்டம்.

அன்றைக்குத் தம்பிக்குக் காய்ச்சல். பொழுது அடையும் நேரம். முற்றத்தில் அப்பா மருந்தைப் போட்டு "ஆச்சு" என்றார். அம்மாவும் "ஆச்சு" என்றாள். உள்ளே தம்பி அழுதான். அம்மா போய்விட்டாள்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் வரப்பிலிருந்து கத்தினார்.

"அண்ணாச்சி, பன்னி பந்தியில உக்காந்தாச்சு. நீரு இன்னும் அளந்துக்கிட்டே இருக்கீரு!"

அப்பா துப்பாக்கியைச் சுவரில் சாத்திவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தார். திரும்பி வந்து மூங்கில் குழாயைக் கையில் எடுத்தார். கொஞ்சம் யோசித்தார். வீட்டைப் பார்த்துக் கேட்டார்.

"ஏட்டி, மருந்து ஆச்சா?"

"இன்னும் இல்ல!"

நான் வாசற்படியில் இருந்தேன். உள்ளே அம்மா மடியில் தம்பி. அவள் ஒரு கையில் பாட்டில், ஒரு கையில் ஸ்பூன். வெளியே அப்பா மறுபடியும் அளந்து போட்டார். இந்தத் தடவை யாரும் திருப்பிச் சொல்லவில்லை. நாரையும் ரவையையும் திணித்துக்கொண்டு ஓடினார்.

வழக்கமாகக் கேட்கிற வெடிச் சத்தம் இல்லை அது. வீட்டுக்குள் பாத்திரம் உருண்டது. தம்பி அழுகையை நிறுத்திவிட்டான். நான் ஓடினேன். அப்பா நின்றபடியே தன் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டைவிரல் அங்கே இல்லை.

"துண்டை எடுத்துட்டு வா மக்கா" என்றார்.

அம்மாதான் வந்து முந்தானையைக் கிழித்துச் சுற்றினாள்.

சங்கரன்கோவில் பெரியாஸ்பத்திரியில், எப்படி ஆச்சு என்று டாக்டர் கேட்டார்.

"பழைய குழலு சார். தாங்கல."

சுவரோரம் நின்ற அம்மா வாயைத் திறந்தாள். ஸ்பூன் இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

"நீ சும்மா இருட்டி" என்றார் அப்பா.

அதற்குப் பிறகு அம்மா மருந்து என்று சொல்லி நான் கேட்டதில்லை. டானிக் என்பாள். மாத்திரை என்பாள். சோளத்துக்கு அடிக்கிற பூச்சிமருந்துகூட அவளுக்கு ஸ்பிரேதான். எங்கள் அம்மாவுக்கு டவுன் பேச்சு வந்துவிட்டது என்று பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.