சுத்தியலை நீட்டியவர்

ராணுவ அதிகாரியான பக்கத்து வீட்டுக்காரரிடம் இரவல் வாங்கிய சைக்கிளை இரண்டு மழைக்காலம் வெளியில் போட்டுவிட்டேன். பின்சக்கர அச்சு துருவேறி இறுகிவிட்டது. மாலை ஐந்துக்குள் திருப்பித் தர வேண்டும்.

திருமுல்கேரியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் தமிழ் மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போய் விவரம் சொன்னேன். அவர் காதில் எப்போதும் ஒரு பற்றவைக்காத பீடி இருக்கும். திருகுமரை நசுங்காதிருக்க அச்சின் முனையில் நட்டைத் திருகிவிட்டுச் சுத்தியலை என்னிடம் நீட்டினார்.

“நானா?”

“ஹவ், ஆமா சார். கெடுத்தவங்கதான் இங்க அடிக்கணும். சக்கரத்து நடு ஹப் உடைஞ்சா ஆபீசருக்கு நீங்கதானே பதில் சொல்லணும்?”

சக்கரத்தை அவர் பிடித்துக்கொண்டார். அவர் விரல்கள் நட்டுக்கு அரை அங்குலத்தில் இருந்தன. நானோ கணிப்பொறி தட்டிப் பிழைப்பவன். பதினோராவது தட்டில் அச்சு நழுவி விழுந்தது.

“என்னை நம்பி எப்படிங்க கையை வச்சீங்க?”

“நம்பலே சார். உங்க கை நடுங்குச்சு. நடுங்குறவங்க மெல்லத்தான் அடிப்பாங்க. துருவுக்கு அதுதான் வேணும்.”

நன்றி சொன்னேன். அது பாராட்டுதானா என்று இன்றுவரை யோசிக்கிறேன்.