பதினாலு பேருக்கு ஒரு மாதேஸ்வரி

கத்தியால் அறுத்தால் சோப்பு உதிரும். சாக்கு தைக்கிற நூலைச் சுற்றி இழுத்தால் சுத்தமாக இரண்டாகும். அப்படி அறுத்த துண்டுகளைப் பரண்மேல் ஒரு வாரம் காற்றாடக் காயவைத்தால் சீக்கிரம் கரையாது. பிறகு ஆளுக்கொரு துண்டு, அவரவர் டப்பாவில். பதினாலு பேர் குளிக்கிற வீட்டில் ஒரே சோப்பைப் பொதுவில் வைத்துப் பாருங்கள், சாயங்காலத்துக்குள் கூழாகிக் கிடக்கும். இதெல்லாம் ஒரு பெருமையா என்று கேட்பவர்கள், பதினாலு பேருக்கு ஒரு வாரம் வடித்துக் கொட்டிவிட்டு வந்து மாதேஸ்வரியிடம் கேட்கட்டும்.

வீடு ஓசூரில், பாகலூர் ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்தில். மாமியார் சென்னம்மா, மூத்த மகன் ராஜ்குமார், அவன் மனைவி சுசித்ரா, கடைசி மகன் கோபி, அவன் மனைவி அனுப்ரியா, இவர்களுக்குப் பிள்ளைகள் ஐந்து பேர். கம்பெனி வேலைக்காகப் பேரிகையிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட சென்னம்மாவின் தம்பி மகன்கள் மூன்று பேர். பதினாலாவது ஆள் மாதேஸ்வரி. நடு மகன் வெங்கட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். கல்யாணமாகி மூன்றாம் வருஷம் ஜூஜுவாடி தாண்டி வருகிற வழியில் வெங்கட்டை லாரி அடித்துப் போட்டுவிட்டது. பிள்ளை இல்லை. "வெரட்டாம வச்சிருக்காங்களே, நல்ல குடும்பம்" என்று தெருவே மெச்சியது. நல்ல குடும்பம்தான், போங்கள்! விடிவதற்கு முன் எழுந்து எல்லாரும் படுத்தபின் படுக்கிற ஒருத்தி, மாடிப்படிக்கு அடியில் ஒரு கட்டிலோடு அடங்கிப்போனால் யார்தான் விரட்டுவார்கள்?

அவளுக்கும் அது தெரிந்துதான் இருந்தது. ஊத்தங்கரையில் அண்ணன் வீடு ஒற்றை அறை. அண்ணிக்கு நாத்தனார் என்றால் வேப்பங்காய். ஆகவே இந்த வீட்டில் தனக்கு இடம் வேண்டுமென்றால், தான் இல்லாமல் இந்த வீடு ஒருநாள்கூட நகரக்கூடாது என்று மாதேஸ்வரி முடிவு கட்டினாள். அந்த முடிவில் பதினைந்து வருஷம் ஓட்டினாள்.

ஒவ்வொரு பொருளையும் அவள்தான் தேர்ந்தெடுத்தாள். பெரிய குக்கர் ஒன்று வாங்கலாம் என்றான் ராஜ்குமார். வேண்டாம், நடுத்தரமாக இரண்டு வாங்கலாம் என்றாள். ஒவ்வொருவருக்கும் ஒரு ஷிப்ட். ராத்திரி வேலை முடிந்து வருகிறவனுக்குக் காலையில் வடித்த சோற்றைச் சூடுபண்ணிப் போட அவளுக்கு மனசு வராது. துணி துவைக்கும் மெஷினைத் தானாகவே எல்லாம் செய்கிற மாதிரி எடுக்கச் சொல்லி கடைக்காரன் கையைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினான். இவள் அசையவில்லை. இந்த ஊர் போர் தண்ணீரின் உப்புக்கு அது இரண்டு வருஷம் தாங்காது, பாதி கையால் செய்கிற பழைய மாதிரி மெஷின்தான் உழைக்கும் என்றாள். மெஷின் இன்றுவரை உழைக்கிறது. எண்ணெய்க் கறை படிந்த கம்பெனி யூனிபாரத்தை மற்றத் துணியோடு ஊறவைக்கக் கூடாது, பிளாஸ்டிக் குடத்தைவிடச் சில்வர் அண்டா கடைசியில் லாபம், துவரம்பருப்பை மூட்டையாக எடுத்தால் காய்ந்த மிளகாய் நாலு போட்டு வைக்க வேண்டும். அவள் வாயில் வந்ததெல்லாம் அந்த வீட்டில் சட்டம்.

"மாதேசு இல்லன்னா இந்த வூடு ஒரு நாள் ஓடாது" என்பாள் சென்னம்மா, வந்தவர் போனவரிடமெல்லாம். அந்த ஒரு வாக்கியத்தைச் சாப்பிட்டே மாதேஸ்வரி உயிர் வாழ்ந்தாள் என்றால் அது பொய்யில்லை.

போன வருஷம் அவளுக்கு உதிரப்போக்கு நிற்காமல் போனது. கிருஷ்ணகிரியில் காட்டினார்கள். கர்ப்பப்பையில் கட்டி, எடுத்துவிட வேண்டும், மூன்று மாதம் கனமான எதையும் தூக்கக்கூடாது என்றார் டாக்டரம்மா. ராஜ்குமார் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டான்.

"மேடம், புள்ளைங்களுக்குப் பரிட்சை நேரம். இத லீவுல வச்சிக்கலாங்களா?"

டாக்டரம்மா அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சீட்டை எழுதினார். வெட்கத்தில் தலை குனிந்தவள் யார் தெரியுமா? மாதேஸ்வரி! பரிட்சை நேரத்தில் இப்படி ஒரு வயிறு தனக்கு வாய்த்ததே என்று குறுகிப்போனாள், பாவி மகள்.

அங்கேதான் அவள் புத்தி தடம் மாறியது. வேறொருத்தியாக இருந்தால் 'எப்படியோ போங்கள்' என்று பையைத் தூக்கிக்கொண்டு போயிருப்பாள். வீடு நாறியிருக்கும், நாலாம் நாளே ஓடிவந்து காலில் விழுந்திருப்பார்கள். இவளோ, தன்னால் ஒருத்தருக்கும் ஒரு சிரமமும் வரக்கூடாது, நாக்குமேல் பல்லைப் போட்டு யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்று வீட்டையே தயார்செய்ய உட்கார்ந்தாள்.

கோபி கம்பெனியிலிருந்து கொண்டுவந்த கலர் டேப்பை வாங்கிக்கொண்டாள். ஆளுக்கொரு நிறம்; பக்கெட்டு, மக்கு, தட்டு, துண்டு மாட்டும் கொக்கி எல்லாவற்றிலும் ஒட்டினாள். தன் தட்டைத் தானே கழுவி அந்த நிறத்தில் கவிழ்த்துவிட்டுப் போக வேண்டும் என்று பிள்ளைகளைப் பழக்கினாள். சாம்பார்ப் பொடி, ரசப் பொடி, இட்லிப் பொடி எல்லாம் அரைத்து, ஒரு வேளைக்கு ஒன்றாகப் பொட்டலம் கட்டினாள். மாவை அரைத்துக் கொடுக்க அடுத்த தெரு மாவுக்கடையில் பேசிவிட்டாள். அத்திப்பள்ளியில் பால் மலிவு என்று தானே ஷேர் ஆட்டோவில் போய் வாங்கி வருவாள். அதை இனி வேலை முடிந்து வருகிற கோபி வழியில் வாங்கி வருவதாக ஏற்பாடு. அனுப்ரியாவைப் பக்கத்தில் நிற்கவைத்து மெஷின் ஓட்டக் கற்றுக் கொடுத்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டே கற்றுக் கொடுத்தாள்.

"எப்பிடிக்கா இதெல்லாம் ஒன் மண்டையில நிக்குது?" என்று அனுப்ரியா வாயைப் பிளந்தாள். மாதேஸ்வரிக்கு உச்சி குளிர்ந்தது.

ஆபரேஷன் முடிந்ததும் ராஜ்குமார் அவளை ஊத்தங்கரைக்கு அனுப்பிவைத்தான். இங்கே எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள், யார் பார்த்துக்கொள்வார்கள் என்பது அவன் நியாயம். அண்ணன் வீட்டு மூலையில் பாயில் படுத்துக்கொண்டு மாதேஸ்வரி போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போ வரே, எங்களால முடியல என்று ஒரு குரல். அதற்குத்தான் காத்திருந்தாள். போன் அடிக்கவே இல்லை. பொறுக்கமாட்டாமல் தானே அடித்தாள்.

"ஒரு கஷ்டமும் இல்லக்கா!" என்றாள் அனுப்ரியா உற்சாகமாக. "நீ செட் பண்ணி வுட்ட மாதிரியே போவுது. புள்ளைங்ககூட தட்ட கழுவி வச்சிருதுங்க. நீ நிம்மதியா படு."

போனை வைத்ததும் மாதேஸ்வரிக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, ஒரு கஷ்டமும் இல்லையாமே என்று தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். அன்றைக்கு ராத்திரி சோற்றைப் போட்டுக்கொண்டே அண்ணி கேட்டாள்.

"அங்க ஒன்னும் தேடற மாதிரி தெரியலயே? இங்கயே தங்கிடற யோசனையா?"

மூன்று மாதம் முடியவில்லை. ஒன்றரை மாதத்திலேயே பஸ் ஏறிவிட்டாள்.

வீடு பளிச்சென்று இருந்தது. தட்டுகள் நிறம் மாறாமல் கவிழ்ந்திருந்தன. ஒரு கரண்டிகூட இடம் பெயரவில்லை. மாடிப்படிக்கு அடியில் அவள் கட்டில் இருந்த இடத்தில் புத்தம்புதிய ஃபிரிட்ஜ் ஒன்று நின்றது, ஆளுயரத்துக்கு. மாவையும் பொடியையும் வாரக் கணக்கில் வைத்துக்கொள்ள வாங்கியதாம். கட்டிலை மடக்கி மொட்டைமாடியில் போட்டிருந்தார்கள்.

"இன்னும் பெருசா வாங்கியிருக்கணும்" என்றாள் மாதேஸ்வரி. அந்த நேரத்திலும் அவள் வாயில் அதுதான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வீட்டில் இருக்கும்போது ராஜ்குமார் பேச்சை எடுத்தான். இப்படிப்பட்ட பேச்சை எடுக்கிறவர்கள் குரலில் தேன் வழியும், கவனித்திருக்கிறீர்களா?

"இத்தன வருசம் ஒழச்சிட்ட மாதேஸ்வரி. இனிமே ஒடம்பப் பாரு. அண்ணன் வூட்டுலயே இருந்து ரெஸ்ட் எடு."

"எனக்கு ஒன்னும் இல்லீங்க மாமா. நாளைக்கே எல்லாம் செய்வேன்."

"வெயிட்டு தூக்கக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாங்களே. எங்களுக்குப் பாவம் வராதா?"

"தூக்க வேணாம். உக்காந்துட்டே காய் நறுக்குவேன், பொடி அரைப்பேன். பொடி தீந்துபோச்சின்னா யாரு அரைப்பாங்க?"

"அதுக்கு மில்லுல குடுத்துட்டோம் மாதேசு" என்றாள் சுசித்ரா. "ஒன்னோட அளவுதான். அனு ஞாபகம் வச்சிருந்தா."

"அப்ப நான் ஒரு ஓரமா..."

"சும்னிரு!" என்று சும்மா இருக்கச் சொல்லி அதட்டினாள் சுசித்ரா. ஆனேக்கல்காரி, கோபம் வந்தால் கன்னடம்தான் முன்னால் வரும். உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நல்லதுக்குச் சொல்றோம். ஓரமா படுக்க எடம் எங்க இருக்குது, நீயே சொல்லு."

மாதேஸ்வரி மாமியாரைப் பார்த்தாள். அந்தக் கிழவி ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் பழைய வாக்கியத்தை ஒருமுறை சொன்னால் போதும். சென்னம்மா மடியிலிருந்த கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தாள். வேலைக்காகாத ஆளுக்கு இந்த வீட்டில் என்ன கதி என்று அவளுக்கும் இப்போதுதான் கண் முன்னால் தெரிகிறது. கீரையை இன்னும் வேகமாக ஆய்ந்தாள்.

"போய்ட்டு வா மாதேசு" என்றாள் கடைசியில். "தீபாவளிக்கு வா."

அழுகை வந்தது, அழவில்லை. எதற்கு அழுகிறாய் என்று அங்கே எவன் கேட்பான்? தன் கையாலேயே தன் வாயில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டதை நினைத்து அவளுக்குத் தன்மேல்தான் ஆத்திரம் வந்தது. ஒரு பொட்டலத்தையாவது தப்பாகக் கட்டியிருக்கலாமே! ஒரு டேப்பையாவது மாற்றி ஒட்டியிருக்கலாமே!

மறுநாள் காலையில் கோபி பஸ் ஸ்டாண்டில் விடுவதாக ஏற்பாடு. பையை வாசலில் வைத்துவிட்டு மாதேஸ்வரி செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். உள்ளே திடீரென்று ஒரே கூச்சல். பாத்ரூமில் தண்ணீர் நின்றுவிட்டது. ராஜ்குமார் மோட்டாரைப் போட்டான்; அது கத்துகிறது, தண்ணீர் ஏறவில்லை. நிறுத்தினான், போட்டான், தட்டினான், உதைத்தான். மேல் தொட்டி காலி. ஒரு பிள்ளை தலையெல்லாம் நுரையோடு அலறுகிறது. சுசித்ரா முகத்தில் பாதி சோப்போடு ஓடிவருகிறாள், அவள் கம்பெனி வண்டி வருகிற நேரம். ஆளாளுக்கு அடுத்தவரைத் திட்டுகிறார்கள்.

"மாதேசு! ஏ மாதேசு!"

சென்னம்மாவின் குரல். அவளைத் தொடர்ந்து ராஜ்குமார், சுசித்ரா, பிள்ளைகள், எல்லாரும். மாதேஸ்வரிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இந்த வீடு தான் இல்லாமல் ஒருநாள் ஓடாது, ஓடாது! செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினாள்.

"ஏர் புடிச்சிருக்குது. நகருங்க."

மோட்டார் தலையில் இருந்த மூடியை ஸ்பேனரால் கழற்றினாள். அண்டாவில் பிடித்து வைத்திருந்த குடிதண்ணீரை பக்கெட்டில் மொண்டு இரண்டு கையாலும் தூக்கி வந்து அந்த ஓட்டையில் ஊற்றினாள். அடிவயிற்றில் சுருக்கென்று இழுத்தது, பல்லைக் கடித்துக்கொண்டாள். மூடியை முறுக்கி சுவிட்சைப் போட்டதும் குழாயில் தண்ணீர் விர்ரென்று ஏறுகிற சத்தம் கேட்டது. பிள்ளைகள் கை தட்டின. ராஜ்குமார் அவளை நிமிர்ந்து பார்த்தான். இப்போது சொல்வான், இரு மாதேஸ்வரி, போகவேண்டாம் என்று இப்போது சொல்வான்.

"அக்கா, ஒரு நிமிசம்" என்றாள் அனுப்ரியா. அவள் போனைக் கையில் பிடித்திருந்தாள். "இன்னொரு தபா மெதுவா பண்ணிக் காட்டுக்கா. வீடியோ எடுத்து குரூப்ல போட்டுக்கறேன். அடுத்த தபா ஆச்சின்னா நாங்களே பாத்துப்போம்."

"நல்ல ஐடியா" என்றான் ராஜ்குமார். மோட்டாரை நிறுத்தினான்.

மாதேஸ்வரி குத்துக்காலிட்டு உட்கார்ந்து மூடியைத் திரும்பவும் கழற்றினாள். "இத இடப்பக்கமா திருகணும்" என்றாள் போனைப் பார்த்து. தண்ணீரை ஊற்றினாள். உள்ளே காற்று குமிழ் குமிழாக வந்தது. அந்தக் குமிழ் நிற்கும்வரை ஊற்ற வேண்டும், அதற்கு முன் மூடினால் மோட்டார் வறட்சியாக ஓடி எரிந்துபோகும். இந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டால் போதும். ஒரு மாதமோ இரண்டு மாதமோ, மோட்டார் கருகி, வீடு தண்ணீர் இல்லாமல் தவித்து, அப்போது ஊத்தங்கரைக்குப் போன் வரும். வாயை மூடிக்கொண்டாள். நுரை கண்ணில் வழிய அந்தப் பிள்ளை கதவைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தது.

"கொமிழு நிக்கற வரைக்கும் ஊத்தணும்" என்றாள். "நிக்கறதுக்கு முன்ன மூடிட்டீங்கன்னா மோட்டாரு எரிஞ்சி பூடும்."

அனுப்ரியா போனை இன்னும் கிட்டே கொண்டுவந்தாள். "கம்பெனி வண்டி ஹாரன்ல அது கேக்கலக்கா. அத மட்டும் இன்னொரு வாட்டி சொல்லு, சத்தமா."

மாதேஸ்வரி சத்தமாகச் சொன்னாள்.