செல்வம்மாளின் மாடுகளும் சிவராஜின் வீட்டுவண்டியும்

வண்டி வந்த அன்றைக்கு மாட்டுக்கொட்டகையின் முன்பக்கத் தகரம் நான்கைக் கழற்ற வேண்டியிருந்தது. பழைய கம்பெனி ஸ்டாஃப் வண்டி அது. இருபத்தாறு சீட்டு, வெள்ளை உடம்பு, ஜன்னலுக்குக் கீழே நீலப் பட்டை. கெலவரப்பள்ளி அணைக்குப் போகும் சாலையில் திரும்பி வீட்டு வாசல்வரை வந்துவிட்டது. நிறுத்தத்தான் இடமில்லை.

"செல்வா, மாடுங்களப் புடிச்சி பின்னால வேப்பமரத்துல கட்டு" என்று ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே தலையை நீட்டி மனைவியிடம் சொன்னார் சிவராஜ். "ரெண்டு நாளைக்குத்தான். அப்புறம் வேற கொட்டாய் போட்டுக்கலாம்."

செல்வம்மாள் மூன்று மாடுகளையும் அவிழ்த்துக்கொண்டு போனாள். கறுப்பி, கோணக்கொம்பு, செவலை. கல்யாணத்தின்போது அவளுடைய அப்பா கொடுத்த ஒரு கிடாரியின் வழியில் வந்தவை மூன்றும். பால் சொசைட்டியின் பாஸ்புத்தகம் அவள் பெயரில் இருந்தது. வீடு, அரை ஏக்கர் நிலம், சிவராஜின் பைக் எல்லாம் அவர் பெயரில். அவள் பெயரில் இருந்தது அந்தப் பாஸ்புத்தகம் ஒன்றுதான்.

ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். நான்கு பேர் கூடிய இடத்தில் கதவுக்குப் பின்னால் நிற்பவள். ஆனால் கண் மட்டும் எதையும் விடாது. ஒரு மாடு தீவனத்தில் வாய் வைக்கும் விதத்தைப் பார்த்தே மறுநாள் அதற்குக் காய்ச்சல் வருமா என்று சொல்லிவிடுவாள். சொல்வது மாட்டிடம்தான், மனிதர்களிடம் இல்லை.

சிவராஜுக்குச் சிப்காட்டில் பிரேக் பாகம் செய்யும் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக ஷிப்ட் வேலை. டிசம்பர் கடைசியில் கம்பெனிக்கு ஷட்டவுன் விடுவார்கள். ஒரு வாரம் மிஷின் ஓடாது. கூட வேலை பார்க்கிறவர்கள் கோவா, ஊட்டி என்று கிளம்பிப் போய் அங்கிருந்து படம் அனுப்புவார்கள். சிவராஜ் கட்டிலில் படுத்து அந்தப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பார். அப்படிப் பார்க்கும்போதுதான் போனில் அந்தக் குடும்பம் வந்து சேர்ந்தது. வண்டிக்குள்ளேயே கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் வைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றும் குடும்பம்.

"இங்க பாரு மே, கடற்கரையில வண்டிய நிறுத்திட்டு அப்பளம் பொரிக்கறா" என்று காட்டினார்.

செல்வம்மாள் பார்த்தாள். அப்பளம் பொரிவதைக் காட்டினார்கள். கக்கூஸ் டேங்கை எங்கே கொட்டுகிறார்கள், யார் கழுவுகிறார்கள் என்பதைக் காட்டவில்லை. அதை அவள் கேட்கவில்லை.

அந்த வருடம் சம்பள ஒப்பந்தம் முடிந்து அரியர்ஸ் பணம் மொத்தமாக வந்தது. பி.எஃப்பிலும் கொஞ்சம் எடுத்தார். லாட்ஜ் வாடகை மிச்சம், ஓட்டல் செலவு மிச்சம், நாலு டூர் போனால் போட்ட காசு திரும்பிவிடும் என்று ஒரு காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். அத்திப்பள்ளியில் நாலேகால் லட்சத்துக்கு வண்டி படிந்தது. விற்றவன் கன்னடத்தில் "ஏனு தொந்தரே இல்லா சார்", ஒரு தொல்லையும் வராது என்று தோளைத் தட்டி அனுப்பினானாம்.

மகள் சௌமியா கல்லூரியில் இரண்டாம் வருடம். ஆர்.சி. புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "அப்பா, கர்நாடகா நம்பரு. நம்ம பக்கம் மாத்த வேணாமா?" என்று கேட்டாள்.

"நம்ம தெருவுல பாதி வண்டி கேஏதான் கண்ணு. காலையில இந்தப் பக்கம் டீ குடிக்கறோம், சாயங்காலம் அந்தப் பக்கம் தக்காளி வாங்கறோம். எந்த ஊருன்னு யாரு பாக்கறாங்க?"

ஓசூரில் அப்படித்தான் எல்லோரும் சொல்வார்கள். எல்லைக் கோட்டை ஒரு நாளைக்கு நான்கு தடவை தாண்டுகிறவர்களுக்கு அப்படியொரு கோடு இருப்பதே மறந்துபோகும். செல்வம்மாளுக்கும் அதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை.

பாகலூர் ரோட்டில் கருப்பசாமி என்று ஒருவர் பட்டறை வைத்திருந்தார். கோவில்பட்டிப் பக்கத்து ஆள். சீட்டுகளைக் கழற்றிவிட்டு இரண்டு கட்டில், ஒரு அடுப்பு மேடை, தண்ணீர் டேங்க், கக்கூஸ் எல்லாம் அவர்தான் வைத்தார்.

"அண்ணாச்சி, முந்நூறு லிட்டர் தண்ணி சும்மா இல்ல பாத்துக்கிடுங்க. பின்னால ஸ்பிரிங் பட்டை தாங்காது. அதையும் மாத்திருவோம்" என்றார். பட்டை மாற்றினார்கள். அதற்கப்புறம் கூரை ஒழுகியது. அதற்கப்புறம் கரண்டுக்கு இன்னொரு பேட்டரி. மூன்று லட்சம் என்று ஆரம்பித்தது நாலரையில் வந்து நின்றது. கக்கூஸுக்கும் டேங்குக்கும் காசு இல்லை.

"கறுப்பி பால் வத்திப் போச்சு இல்ல?" என்று ஒரு நாள் சோற்றுத் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார் சிவராஜ்.

"செனைக்கு விட்டிருக்குது" என்றாள் செல்வம்மாள்.

"நிக்குமோ நிக்காதோ."

மறுநாள் மாட்டுத் தரகர் சென்னப்பன் வாசலில் நின்றிருந்தார்.

பொங்கல் லீவில் ஒகேனக்கல்லுக்கு முதல் பயணம். சிவராஜ், சௌமியா, சிவராஜின் தம்பி குடும்பம். செல்வம்மாள் புளிச்சோறும் கேழ்வரகு அடையும் கட்டிக் கொடுத்தாள்.

"நீயும் வா மே. உனக்குத்தான இதெல்லாம்."

"பால் யாரு கறக்கறது?"

"சரோஜம்மாகிட்ட சொல்லு."

பக்கத்து வீட்டுச் சரோஜம்மாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்தே, "ஐயோ, என்ன வுட்டுடு தாயி. போன தடவ உன் செவல உதச்சது இன்னும் தொடையில நீலமா இருக்குது. ஓடற வூடு வாங்கினீங்களே, அதுல ஒரு மூலையில மாட்டையும் ஏத்திக்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். செல்வம்மாளும் சிரித்தாள். செவலை வேறு கை பட்டால் பாலை இறக்காது. அந்தப் பாலில்தான் வண்டிக்கு டீசல் போட்டிருந்தது.

அஞ்செட்டி தாண்டி மலை இறக்கத்தில் கிளட்ச் கருகிவிட்டது. அந்தப் பக்கம் பஸ்ஸே ஆடிக்கொரு தரம். காய்கறி வண்டியில் தொற்றிக்கொண்டு தேன்கனிக்கோட்டை வந்து, இழுவை வண்டி பேசி, மூன்றாம் நாள் வீடு வந்து சேர்ந்தார்கள். அருவியை யாரும் பார்க்கவில்லை. "வண்டி நின்ன எடமே நல்லா இருந்துச்சு, ஒரே காடு" என்றார் சிவராஜ். தம்பி பெண்டாட்டி பையை எடுத்துக்கொண்டு போனாள். கிளட்ச், இரண்டு டயர், இழுவைக் கூலி. கோணக்கொம்பு நான்கு மாதச் சினையோடு போனது.

அதற்குப் பிறகு வண்டி ஓடியதைவிட நின்றதுதான் அதிகம். நின்றாலும் அது தின்றது. இன்சூரன்ஸ், எஃப்.சி., உட்கார்ந்தே செத்துப்போன பேட்டரி. பக்கத்தில் மாட்டுத் தீவன மூட்டை இருந்ததால் எலிகள் வண்டிக்குள் குடியேறின. மெத்தையைக் கிழித்துக் குட்டி போட்டன. வயரைக் கடித்தன. செல்வம்மாள் தினமும் செவலைக்குச் சாணி வாரிவிட்டு, வண்டிக்குள் ஏறி எலிப்புழுக்கையைப் பெருக்கினாள். வண்டிக்குள் அவள் போனது அதற்கு மட்டும்தான்.

பத்து நாளைக்கொரு தடவை சொசைட்டியில் பணம் போடுவார்கள். முன்னெல்லாம் அதில் வீட்டு மளிகை, சௌமியாவின் பஸ் பாஸ், அவள் கையில் ஒரு ஐந்நூறு. இப்போது செவலை ஒன்றின் பணம். சிவராஜ் சம்பளத்தில் பாதி பட்டறைக் கடனுக்குப் போனது. மீதி வீட்டைத் தாங்கவில்லை. செவலையின் பால்தான் அடுப்பை எரிய வைத்தது. இது மட்டும் நிற்கட்டும் என்று செல்வம்மாள் நினைத்துக்கொண்டாள். அதற்காகக் கேட்டுக்கொள்ள அவளுக்கு ஆள் யாரும் இல்லை.

கார்த்திகையில் சாமல்பட்டியில் சொந்தக்காரர் வீட்டில் புதுமனை புகுவிழா. சிவராஜ் பெருமையாக வண்டியை எடுத்துக்கொண்டு போனார். ராயக்கோட்டை ரோட்டில் வண்டி சோதனை. அதிகாரி நம்பரைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார், உள்ளே ஏறிக் கட்டிலைப் பார்த்தார். இந்தப் பக்கம் வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது, இங்கே வரி கட்டவில்லை. சீட்டைக் கழற்றி வீடாக்கியதற்கு அனுமதியும் வாங்கவில்லை. வண்டியைத் தங்கள் ஆபீஸில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, கையில் ஒரு தாள் கொடுத்தார்கள். வரியும் அபராதமும் சேர்த்து நாற்பத்தோராயிரம். தாமதமானால் கூடும்.

விற்றுவிடலாம் என்று சௌமியாதான் சொன்னாள். அதற்கும் நம்பரை மாற்ற வேண்டும். மாற்ற அந்தப் பக்கத்திலிருந்து தடையில்லாச் சான்று வேண்டும். சிவராஜ் மூன்று தடவை அத்திப்பள்ளிக்குப் போனார். வண்டி விற்றவன் கடையைக் காலி செய்துவிட்டான். வண்டியின் மேல் அவன் வாங்கிய பைனான்ஸ் கடன் புத்தகத்தில் அப்படியே நின்றது. சௌமியா முதல் நாள் புரட்டிய அதே பக்கத்தில். அன்றைக்கு அவள் நம்பரைத்தான் பார்த்தாள். அப்பாவும் அம்மாவும் அதையும் பார்க்கவில்லை.

செல்வம்மாள் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தாள். "அங்கயே கெடக்கட்டும், வுட்டுடுங்க."

சிவராஜ் நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. கண் கலங்கியிருந்தது. "ஒம்பது லட்சம் மே அது. வெயில்லயும் மழையிலயும் நிக்குது. இருபத்திரண்டு வருஷம் அந்த மாதிரி வண்டியில ஜன்னலோரம் தூங்கிட்டே வேலைக்குப் போனேன். ஒரு தடவையாவது எம் வண்டியில நானு எங்கியாவது போவக்கூடாதா?"

அவர் குடிக்கிறவர் இல்லை, அடிக்கிறவர் இல்லை. ஆசைப்பட்டுவிட்டார். அடிக்கிறவராக இருந்தால் ஊரைக் கூட்டி நியாயம் கேட்டிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை சென்னப்பன் வந்தார். தோளில் துண்டு, வாயில் வெற்றிலை.

"என்னம்மா, கொட்டாய் காலியா கெடக்குது, உம் மூஞ்சியும் அப்பிடியே கெடக்குது?" என்றார். செவலையின் மடியைத் தொட்டார். அது காலைத் தூக்கியது. "இவளா, வாயாடி" என்று பின்வாங்கினார்.

விலை பேச்சை வாயால் பேசமாட்டார்கள். துண்டைக் கைகளின் மேல் போட்டு, அடியில் விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். சிவராஜின் கையைத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டார் சென்னப்பன். சிவராஜுக்கு மிஷின் தெரியும், இது தெரியாது. கையை நீட்டிக்கொண்டு புது மாப்பிள்ளை மாதிரி நின்றார்.

செல்வம்மாள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று பார்த்தாள். துண்டுக்குள் விரல் தெரியாது, முழங்கை தெரியும். அவளுடைய அப்பா சந்தைக்குப் போகும்போது கூடவே போய், பத்து வயதில் அதைப் பார்க்கக் கற்றிருந்தாள். நாலு விரல் சேர்த்துப் பிடித்தால் தரகனின் மணிக்கட்டு இப்படி மடங்கும். அப்புறம் இரண்டு. நாற்பத்திரண்டாயிரம். கன்று போட்டு இரண்டு மாதம்கூட ஆகாத, இரண்டு வேளைக்குப் பதினாலு லிட்டர் கறக்கும் மாடு. சந்தையில் ஐம்பத்தைந்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு போகும். கட்ட வேண்டிய பணம் எவ்வளவு என்று இவர் டீக்கடையில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறார். சென்னப்பன் அதற்கு மேல் ஓராயிரம் வைத்திருக்கிறார்.

சிவராஜ் முகத்தில் நிம்மதி வந்தது. அதையும் அவள் பார்த்தாள்.

சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை, 'பத்தாது' என்றால் போதும். தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஆண்கள் துண்டுக்குள் கையை வைத்திருக்கும்போது பெண்பிள்ளை குரல் கொடுத்து அவள் கேட்டதில்லை. கொடுத்தால், தன் புருஷனுக்கு விலை தெரியாது என்று தரகன் முன்னால் சொன்னதாகும். அதற்குள் துண்டு உதறப்பட்டுவிட்டது.

"கன்னுக்குட்டியும் கூடத்தானே?" என்றார் சென்னப்பன்.

"கூடத்தான்" என்றார் சிவராஜ்.

செவலை வாசலைத் தாண்டும்போது நின்று ஒரு தடவை கத்தியது. செல்வம்மாள் உள்ளே போய்ப் பால் கேனைக் கழுவினாள். காலையிலேயே கழுவியதுதான்.

டிசம்பர் ஷட்டவுன் வந்தது. வண்டியும் திரும்பி வந்திருந்தது. கன்னியாகுமரி என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் டீசல் கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள். சொசைட்டிப் பணம் இல்லாத வீட்டில் அந்தக் கணக்கு சேலம்கூடத் தாண்டவில்லை.

"அணைக்காவது போலாம்" என்றார் சிவராஜ். "இனி உனக்கு என்னா தடை? மாடா கன்னா? ஏறு மே."

நான்கு கிலோமீட்டர். நடந்தே போய் வருகிற இடம். செல்வம்மாள் நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு, தான் தினமும் பெருக்கிய கட்டிலில் விருந்தாளி மாதிரி நுனியில் உட்கார்ந்தாள். கெலவரப்பள்ளியில் கரையோரம் நிறுத்தினார்கள். தண்ணீரில் வெள்ளையாக நுரை ஒதுங்கியிருந்தது. சௌமியா படம் எடுத்தாள். செல்வம்மாள் அந்த அடுப்பில் முதல் தடவையாக டீ போட்டாள். கடைப் பாக்கெட் பால்.

"எப்பிடி இருக்குது?" என்று கேட்டார் சிவராஜ்.

டீயையா வண்டியையா என்று அவள் கேட்கவில்லை. "நல்லாத்தான் இருக்குது."

அவர் சந்தோஷமாகக் காலை நீட்டினார். பிறகு யாரிடமோ சொல்வதுபோல, "ஜனவரி இருபதுக்குள்ள இன்சூரன்ஸ் கட்டணும்" என்றார்.

சொல்லிவிட்டு அவர் திரும்பியபோது அவர் பார்வை தன் காதிலிருந்த தங்கக் கம்மலில் வந்து நின்றதைச் செல்வம்மாள் பார்த்தாள். ஒரு கணம்தான். அவரே வெட்கப்பட்டதுபோல உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு எழுந்தாள். டேங்கில் தண்ணீர் குறைவாகத்தான் இருந்தது. குழாயைக் கொஞ்சமாகத் திறந்து, ஒவ்வொன்றாகக் கழுவிக் கவிழ்த்தாள்.