பின்சீட்டுக்குப் போன சேதி

கம்பம்மெட்டு மலையில் ஜீப் ஓட்டினேன். ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிற பெண்களை விடிய ஏற்றினால் சாயந்திரம் ஊரில் இறக்குவேன். என் சம்சாரமும் அதே ஜீப்பில்தான் காய் எடுக்க வருவாள். முன்சீட்டில் இடது ஓரம் அவள் இடம். ஊசி வளைவில் எனக்கு அந்தப் பக்கம் தெரியாது. அவள் தலையை வெளியே நீட்டிப் பார்த்து, "வாங்க" என்பாள். நான் போவேன்.

வீட்டில் பேச நேரம் கிடையாது. அவள் சமைப்பாள், நான் தூங்குவேன். நாங்கள் பேசுவதெல்லாம் ஜீப்பில்தான். பேசுவது என்றால் அவள் பேசுவாள்.

கல்யாணம் முடிந்து ஆறு வருஷம் இருக்கும். அவள் தம்பி மகளுக்குக் காதுகுத்து வந்தது. கம்பத்தில் ஜவுளிக்கடைக்குப் போனோம். பச்சையில் ஒன்று, மாம்பழ நிறத்தில் ஒன்று மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"எது நல்லாருக்கு?"

"ரெண்டும் சேலதான."

நான் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் சேலை விரித்துப் போட்டவர் சிரித்துவிட்டார். அதுதான் வினையாகிவிட்டது. இரண்டையும் வைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டாள்.

மறுநாள் காலையில் ஜீப்பின் பின்பக்கம் ஏறினாள். அவள் பின்னால் ஏறினால் எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிடும். தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. முன்சீட்டில் மதினி வந்து உட்கார்ந்தாள். என் பெரியப்பா மகன் சம்சாரம். நல்ல மனுஷி. வளைவு வந்தால் மட்டும் பயந்து கண்ணை மூடிக்கொள்வாள்.

நாலு நாள் என் சம்சாரம் என்னிடம் பேசவில்லை. நானும் பேசவில்லை. எனக்கு அது சிரமமாக இல்லை. அதனாலேயே அவளுக்குக் கோபம் கூடியது. சோறெல்லாம் சரியாகத்தான் போட்டாள். தட்டு மட்டும் சத்தம் போட்டது.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் அடுத்த வீட்டு அக்காவிடம் சொன்னாள். அக்கா பக்கத்தில்தான் நின்றது. அவள் பேசிய சத்தம் தெருமுனை வரைக்கும் போனது.

"திங்கக்கிழமையில இருந்து நான் வெள்ள ஜீப்புல போறேன்க்கா. அங்கனயாவது மனுசங்ககிட்டப் பேசுவாக."

வெள்ளை ஜீப்காரருக்கு வாய் ஓயாது. தோட்டத்தில் இருக்கிற மலையாளத்துச் சேச்சிகளையும் சிரிக்க வைப்பவர். அவள் போனால் நாலைந்து பேர் கூடவே போவார்கள். அது போகட்டும். அவள் அந்த ஜீப்பில் சிரித்துக்கொண்டு முன்னால் போக, நான் பின்னால் தூசி குடித்துக்கொண்டு போக வேண்டும். அன்றைக்கு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. எனக்குத் தூக்கம் வராமல் இருப்பது அபூர்வம்.

மிச்சம் இருந்தது சனிக்கிழமை ஒரு நாள்.

அன்று காலையில் மூணாவது வளைவில், "வரலாமா மதினி?" என்று கேட்டேன்.

"என்னையக் கேட்டா? நான் கண்ணத் தொறந்தாத்தான கொழுந்தனாரே தெரியும்."

எதிரே கேரளா பஸ் வந்து நின்றது. ஒரு முழம்தான் இடைவெளி. நான் ரிவர்ஸ் எடுத்தேன். பஸ் டிரைவர் மலையாளத்தில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். மலையாளம் தெரிந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் தெரியும். நான் சிரிக்கவில்லை.

"அவள முன்னாடி வரச் சொல்லுங்க" என்றேன்.

என் ஜீப்பில் இன்ஜின் போடுகிற சத்தத்தில், முன்சீட்டில் பேசுவது கடைசி வரைக்கும் கேட்காது. ஆள் மாற்றி ஆள்தான் சொல்லியாக வேண்டும். மதினி திரும்பிப் பின்னால் இருந்தவளிடம் சொன்னாள்.

"கொழுந்தனாரு கூப்பிடுறாக."

அவள் அடுத்தவளிடம், "அண்ணன் கெஞ்சிக் கூப்பிடுறாக" என்றாள்.

கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். சேதி கடைசிக்குப் போய்ப் பதில் திரும்பி வந்தது. மதினி சொன்னாள்:

"கண்ணு தெரியலைன்னா ஆசுபத்திரிக்குப் போகச் சொல்றா."

"சரி" என்றேன்.

இந்த ஒரு வார்த்தைதான் நான் சொன்னது. மதினி திரும்பினாள்.

"எல்லாம் தன் தப்புதாங்கிறாக."

அடுத்தவள், "நீ பக்கத்துல இல்லாம ஸ்டேரிங்கு கைக்கு அடங்கலையாம்" என்றாள்.

அதற்கும் அடுத்தவள், "நாலு நாளாச் சோறு எறங்கலையாம் பாவம்" என்றாள்.

கடைசியில் இருந்தவள் என் சம்சாரத்தின் காதில் சொன்னாள். அவள் தொண்டை பெரிய தொண்டை. எனக்கே கேட்டது. "கண்ணுல தண்ணி நிக்குதாம்டி."

மறுத்திருக்கலாம். மறுக்க நாலைந்து வார்த்தை வேண்டும். கியரை மாற்றினேன்.

ரெண்டு வளைவு வரைக்கும் பின்னால் இருந்து ஒன்றும் வரவில்லை. பிறகு மதினி என் பக்கம் சாய்ந்தாள்.

"பாத்துப் போகச் சொல்றா. உசுரே போனாலும் ஒங்க கூடத்தாங்கிறா."

நான் மதினியைத் திரும்பிப் பார்த்தேன்.

"சரி, மொதப் பாதிதான் அவ சொன்னது" என்றாள் மதினி.

புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் எட்டுப் பேர் இருந்தால் கெடுதல் என்பார்கள். அந்த எட்டுப் பேரும் நன்றாகப் பொய் சொல்லத் தெரிந்தவர்களாக இருந்தால் கெடுதல் இல்லை.

சாயந்திரம் வீட்டில் நான் கால் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் வந்து பக்கத்தில் நின்றாள்.

"கண்ணுல தண்ணி நின்னுச்சாமே?"

"இல்ல."

"சோறு எறங்கலையாமே. முந்தாநேத்து மூணு தடவ வாங்கித் தின்னது யாரு?"

"நாந்தான்."

"ஸ்டேரிங்கு அடங்கலையோ?"

"அடங்குச்சு."

"தப்பெல்லாம் ஒங்க தப்புன்னு சொன்னீகளாமே."

 செம்பில் மிச்சம் இருந்த தண்ணீரைக் காலில் ஊற்றினேன்.

"நான் சொல்லல. ஆனா அது சரிதான்."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். அழுகிறாளோ என்று நினைத்தேன். சிரிப்பு. அடக்க முடியாமல் அடுப்படியில் உட்கார்ந்து சிரித்தாள். பிறகு வெளியே வந்து முகத்தைச் சரியாக வைத்துக்கொண்டு சொன்னாள்.

"வெள்ள ஜீப்புக்குப் போகல. ஆனா முன்னாடி வரமாட்டேன்."

"ஏன்?"

"பின்னாடி இருந்தாத்தான் நீங்க நல்லாப் பேசுறீக."

ஞாயிற்றுக்கிழமை மதினியைக் கூட்டிக்கொண்டு கம்பத்துக்குப் போய்ச் சேலை எடுத்து வந்தாள். என்னைக் கூப்பிடவில்லை. நானும் கேட்கவில்லை. அன்றைக்கு வீட்டில் தட்டு சத்தம் போடவில்லை.

திங்கட்கிழமை சொன்னபடி பின்னால் ஏறினாள். ஏறிவிட்டு, என்ன சேதி வருகிறது என்று கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வேறு வழி தெரியவில்லை. "அட்டைக்கு உப்பு எடுத்தாளான்னு கேளுங்க" என்றேன். மழைக்குத் தோட்டத்தில் அட்டை ஏறும். கண்ணாடியில் பார்த்தேன். அது கடைசிக்குப் போய்ச் சேரும்போது, அவளை ஒரு அட்டை கடித்தால் நான் தோட்டத்தையே கொளுத்திவிடுவேன் என்று ஆகியிருந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது.

செவ்வாய்க்கிழமையும் ஒன்று கேட்டு அனுப்பினேன். சொந்தமாகவே இரண்டு வார்த்தை கூடச் சேர்த்தேன். பின்னால் இருந்தவர்களுக்கு அது போதவில்லை. அவர்கள் பங்குக்கும் சேர்த்தார்கள்.

புதன்கிழமை இறங்கும்போது பனிமஞ்சு மலையை மூடிவிட்டது. பத்தடிக்கு மேல் பாதை தெரியவில்லை. மதினி இந்த மூன்று நாளில் ஒரு கண்ணைத் திறக்கப் பழகியிருந்தாள். அன்றைக்கு அதையும் மூடிக்கொண்டாள். வளைவுக்கு முன்னால் ஓரங்கட்டி, கை பிரேக் போட்டு, இன்ஜினை அணைத்தேன்.

சத்தமே இல்லை. நான் பின்பக்கம் திரும்பினேன்.

"இந்தா" என்றேன். "நீ முன்னாடி வா. நீ இல்லாம எனக்குப் பயமா இருக்கு."

மாற்றிச் சொல்ல யாருக்கும் வேலை இல்லாமல் போயிற்று. பெரிய தொண்டைக்காரி மட்டும், "அம்புட்டுத்தானா?" என்றாள்.

என் சம்சாரம் இறங்கிச் சுற்றி வந்து முன்பக்கம் நின்றாள். "எந்திரிங்கக்கா."

"ஏந்தா, இப்பத்தான் பழகியிருக்கேன். நாளைக்கு ரெண்டு கண்ணையும் தொறந்துருவேன். போயி ஒன் எடத்துல உக்காரு."

"இதுதான் என் எடம்."

"ஒரு வாரமா எங்க போச்சு ஒன் எடம்?"

 மதினி எழுந்திருக்கவே இல்லை. கடைசியில் மதினியை என் பக்கம் தள்ளிவிட்டு என் சம்சாரம் ஓரத்தில் ஏறிக்கொண்டாள். கியர் மாற்ற இடம் இல்லை. ஊர் வரைக்கும் இரண்டாவது கியரிலேயே இறங்கினேன்.