பச்சை எரிந்தது

எங்கள் எலக்ட்ரிக்கல் கடையில் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு மூன்று வருஷம் ஆகிறது. பட்டன் என்றால்தான் திரும்பிப் பார்ப்பான். நான் சுவரைத் துளைத்து ஒயர் இழுப்பேன். அவன் தீப்பெட்டி அளவுள்ள வெள்ளைப் பட்டனை ஒட்டிவிட்டு போனில் ஏதோ தட்டுவான். ஒரு தடவை அழுத்தினால் விளக்கு, இரண்டு தடவை அழுத்தினால் மின்விசிறி. அந்த அழுத்தல் வைஃபை வழியாக எங்கோ இருக்கும் கிளவுட் சர்வருக்குப் போய்த் திரும்பி வந்து, நாலடி தள்ளியிருக்கும் விளக்கைப் போடும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வேலை என்று நான் கிண்டல் செய்வேன். அவனுக்குக் கோபமே வராது. எனக்கோ தொட்டதற்கெல்லாம் வரும்.

வீட்டில் அவனும் அவன் அண்ணனும் மட்டும்தான். அண்ணன் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பகல் முழுக்கத் தனியாகக் கிடப்பார் என்று, பட்டன் ஒன்றை ரப்பர் பட்டையில் கோத்து அவருடைய இடது மணிக்கட்டில் மாட்டியிருந்தான். வலது கையால் நீளமாக அழுத்தினால் தம்பியின் போன் அடிக்கும்.

"பச்சை எரிஞ்சா எனக்கு வந்துடுச்சுன்னு அர்த்தம்ணே. சிவப்புன்னா நெட் இல்ல. பச்சையப் பாத்தா நான் கிளம்பிட்டேன்னு வெச்சுக்க" என்று சொல்லிக் கொடுத்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். பச்சை எரிந்தால் சர்வருக்குப் போய்ச் சேர்ந்தது என்று மட்டும்தான் பொருள். அதற்குமேல் விளக்கினால் அண்ணன் குழம்பிவிடுவார் என்று அவன் சுருக்கிச் சொன்னான்.

அண்ணன் சும்மா இருக்கமாட்டார். ரிமோட் கீழே விழுந்தால் அழுத்துவார், ஜன்னலில் வெயில் அடித்தால் அழுத்துவார், ஒன்றுமே இல்லாவிட்டாலும் அழுத்துவார். இவனும் சலிக்காமல் பேசுவான், சில நாள் வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே போய்விடுவான். அவன் பாதியில் விட்ட வேலை என் தலையில் விழும்.

அன்றைக்கு ஒரு பெரிய வீட்டில் பதினாறு பட்டன் வேலை. வீட்டுக்கார அம்மாள் கையைக் கட்டிக்கொண்டு எதிரில் நிற்கிறார். இவன் விளக்கிக்கொண்டிருக்கும்போதே போன் மூன்று தடவை அடித்தது. அம்மாள் முகம் சுளித்தார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"அந்தச் சனியனைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைடா. சாப்பிடும்போது திரும்பப் போட்டுக்கலாம்."

அவன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, போனில் அந்த அழைப்பை மட்டும் நிறுத்தினான். அப்போது மணி பதினொன்று இருக்கும். அதன்பிறகு திரைச்சீலை மோட்டார் மக்கர் செய்தது. அதோடு மல்லுக்கட்டியதில் நாங்கள் சாப்பிடவும் இல்லை, அவன் அதைத் திரும்பப் போடவும் இல்லை. போன் சத்தமில்லாமல் இருந்தது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

சாயங்காலம் வேலை முடிந்து அவன் வீட்டுக்குப் போனான்; ஆறு மணிக்கு அவனிடமிருந்து போன் வந்தது. தூக்க ஆள் வேண்டும் என்றான், ஓடினேன். அண்ணன் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே தரையில் கிடந்தார். உதடு வெடித்திருந்தது. இடுப்பெலும்பு முறிந்திருந்தது ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் போனை என்னிடம் நீட்டினான். ஒவ்வொரு அழுத்தலையும் சர்வர் நேரத்தோடு குறித்து வைத்திருந்தது. பதினொன்று நாற்பதிலிருந்து நிமிஷத்துக்கு ஒன்று. மதியத்துக்கு மேல் அரை மணிக்கு ஒன்று. ஐந்தே முக்காலுக்குக் கடைசி. ஆக மொத்தம் நாற்பத்துமூன்று. நான் போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அண்ணன், நெட் கோளாறு, தம்பி என்ன செய்வான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவன் நாலு நாள் அதைக் கேட்டுக்கொண்டு குனிந்தே இருந்தான். ஐந்தாம் நாள் தாங்க முடியவில்லை.

"நெட் நல்லாத்தான் இருந்துச்சுண்ணே. எனக்கு வராம நான்தான் நிறுத்தி வெச்சேன். திரும்பப் போட மறந்துட்டேன்."

நிறுத்தச் சொன்னது நான் என்று அவன் சொல்லவில்லை. கட்டிலின் மறுபக்கம் நின்றிருந்த நானும் சொல்லவில்லை. 

அண்ணன் தம்பியின் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"ஒவ்வொரு தடவையும் பச்சை எரிஞ்சுச்சுடா. நீ கிளம்பிட்டன்னு நெனச்சு, இப்ப எந்த ஸ்டாப்புல வந்துகிட்டிருப்பன்னு எண்ணிகிட்டே கிடந்தேன். கடைசி ஸ்டாப்பு வரும், நீ வரமாட்ட. மறுபடி அழுத்திட்டு மொதல்லேர்ந்து எண்ணுவேன்."

அண்ணன் வீடு திரும்பி இரண்டு மாதம் ஆகிறது. பகலில் துணைக்கு ஆள் வைத்திருக்கிறான். பட்டன் அதே மணிக்கட்டில்தான் இருக்கிறது. விளக்குக்கு அழுத்துகிறார், மின்விசிறிக்கு அழுத்துகிறார். நீளமாக மட்டும் ஒரு தடவைகூட அழுத்தவில்லை. இவன் அரை மணிக்கு ஒருதரம் ஏணியிலிருந்து இறங்கி, அழைப்பு போட்டுத்தான் இருக்கிறதா என்று போனைப் பார்க்கிறான். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.